ஐடா ஸ்கட்டர் அம்மையாரும் தாதியர் கல்வியும்

நோயாளியின் தேகத்தை அறிந்தால் போதும், அவர் பிறந்து வளர்ந்த குடியின் ஆசாரங்களை அறிய வேண்டுவதில்லை என்று எண்ணும் வைத்தியர்கள் எக்காலத்திலும் உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானதென்பதற்கு, வேலூரில் அரை நூற்றாண்டு தொண்டு புரிந்த டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் சரித்திரமே தக்க சான்றாகும். அதனை நமது வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அம்மையார் 1870-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி வைத்தியர் வம்சத்தில் பிறந்தார். அமெரிக்காவில் கல்வி கற்ற அவருக்கு இந்நாட்டில் ஊழியம் செய்யும் விருப்பம் சிறிதும் இருக்கவில்லை. தாயார் நோயுற்றிருந்தமையால், சில காலம் உடனிருக்க எண்ணியே 1890-ல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓரிரவில் நேர்ந்ததை அவர் பின்னாளில் பலமுறை கூறியதுண்டு. பிரசவ வேதனையிற் சிக்கிய மனைவியரைக் காப்பாற்ற வேண்டி மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறோர் உயர்குல ஹிந்து. மூவரும் அழைத்தது வைத்தியம் பயிலாத அவ்விளம் பெண்ணையே. வைத்தியரான அவர் தந்தை அருகிலேயே இருந்தார்; ஆயினும் அன்னிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். வைத்தியமும் வைத்தியரும் எட்டும் தூரத்திலிருந்தும் ஆசாரம் குறுக்கே நின்றது.

இதனால் மனம் மாறிய அம்மையார் அமெரிக்கா திரும்பி, 1899-ல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்து தந்தையின் இல்லத்திலேயே சிகிச்சை செய்யத் தொடங்கினார். நியூயார்க் தனவந்தர் ஒருவர் தம் மனைவியின் ஞாபகார்த்தமாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுள்ள பெண்கள் ஆஸ்பத்திரி 1902-ல் திறக்கப்பெற்றது. ஆஸ்பத்திரிக்கு வர இயலாத கிராம ஜனங்களை நாடி, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி அவர் மருந்தளித்தார்.

ஆனால் ஒரு பெண் வைத்தியரால் எத்தனை இல்லங்களுக்குச் செல்ல முடியும்? இந்நாட்டுப் பெண்களே இவ்வேலையைக் கற்றாலன்றி விமோசனமில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1909-ல் தாதியர் பள்ளியும், 1918-ல் பெண்கள் வைத்தியப் பள்ளியும் தோன்றின. இங்கும் ஆசாரம் எதிர்ப்பட்டது. பிறர் இரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று கருதிய குடும்பங்கள் தம் பெண்களைத் தாதி வேலைக்கு அனுப்பக் கூசின. ஆரம்பத்தில் நம் நாட்டுத் தாதியரிற் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அவ்வேலைக்குக் கௌரவம் தேடித் தந்தது கல்வியே. 1946-ல் சென்னைச் சர்வகலாசாலையின் பட்டத்திற்குரிய படிப்பாகத் தாதியர் கல்வி வேலூரில் உயர்ந்தது. அம்மையார் 1960-ம் வருஷம் மே மாதம் கோடைக்கானலில் காலமானார்.

இச்சரித்திரத்தில் இரு சாராருக்கும் படிப்பினை உண்டு. ஆசாரத்தின் பெருமையையே பேசித் திரியும் நம்மவர், அம்மூன்று பெண்களின் உயிருக்கு என்ன விடை சொல்வர்? மற்றொரு புறம், ஜனங்களை மூடரென்று இகழும் வைத்தியர், அவ்விகழ்ச்சியால் ஓர் உயிரையேனும் காத்ததுண்டா? அம்மையார் ஆசாரத்தோடு வாதிட்டுக்கொண்டு காலம் போக்கவில்லை. அதன் தடையை உணர்ந்து, அத்தடை பற்றாத பெண்களைக் கொண்டே அறைக்குள் நுழைந்தார். உள்ளே சென்றவர்களின் சொல்லுக்கே பின்னர் செவிசாய்ப்பவரும் உண்டாயினர்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் மாடலின் லெய்னிங்கர் என்னும் தாதி, மானிட சாஸ்திரமும் கற்று, நோயாளியின் பண்பாட்டையறிந்து பணி செய்வதைத் தனித் துறையாகவே வகுத்தார். இன்று நம் நாட்டுத் தாதியர் பட்டப் படிப்பிலும் சமூக சாஸ்திரம் ஒரு பாடமாயிருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்து மறப்பதற்குரிய பாடமன்று அது. பிரசவித்தவள் உண்ணும் பத்தியம் யாது, எது தீங்கற்றது, எது உயிருக்கு அபாயமானது, வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்பவற்றை மாணவி படுக்கையருகே நின்று கேட்டறிய வேண்டும். தீங்கற்றதை மதிக்கவும், தீங்கானதைப் பொறுமையோடு விலக்கவும் அவளுக்குப் பயிற்சி வேண்டும். திண்டிவனத்தில் அவ்விரவு மூன்று வீடுகளில் நேர்ந்தது வேறெங்கும் நேராதபடி காப்பது, தாதியர் கல்வியை நடத்துவோரின் கடமையென்று வற்புறுத்துகிறோம்.