மாநகராட்சி மன்றமும் அண்ணாவும்

அண்ணாவின் அரசியல் வாழ்வைக் கோட்டையிலிருந்து எழுதுவதே வழக்கம். நகராட்சியிலிருந்து எழுதினாலும் தவறில்லை. காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15-இல் பிறந்த அவர், வறுமையால் படிப்பு தடைப்பட்டபோது அவ்வூர் நகராட்சி அலுவலகத்தில் சில மாதங்கள் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவர் சந்தித்த முதல் தேர்தலும் நகர மன்றத் தேர்தலே. 1930-களின் நடுவில் நீதிக்கட்சி வேட்பாளராகச் சென்னை பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். அன்று வாக்குரிமை வரி செலுத்துவோர், சொத்துடையோர் போன்ற சிலருக்கே உரியது. கைத்தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பலவும் அந்த வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் அமைப்பு சற்று விந்தையானது. உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். மேயரை அந்த உறுப்பினர்கள் அன்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். மன்றம் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கும், தீர்மானம் நிறைவேற்றும். நிறைவேற்றும் அதிகாரமோ மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கும். மேயரின் அங்கி நீளமானது. கை அவ்வளவு நீளமன்று.

ஆயினும் அந்த மன்றத்தை அண்ணா சிறிதாகக் கருதவில்லை. 1957-இல் காஞ்சிபுரத்தின் சட்டமன்ற உறுப்பினரான அவர், 1959 மாநகராட்சித் தேர்தலில் கட்சியை முழுமூச்சுடன் இறக்கினார். 100 இடங்களில் தி.மு.க. 45-ஐ வென்றது. தனிப் பெரும்பான்மை இல்லை. பிறர் ஆதரவுடன் அ.பொ. அரசு மேயரானார். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் பற்றிப் பேசியே ஓர் எதிர்க்கட்சி ஆட்சிப்பழக்கம் பெற்றது. மேடைப் பேச்சால் வளர்ந்த கட்சி என்று மட்டும் சொல்வோர் இந்த எட்டாண்டுப் பயிற்சியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1962-இல் சொந்த ஊரே அவரைத் தோற்கடித்தது. மாநிலங்களவைக்குச் சென்றார். 1967 மார்ச் 6-இல் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினரல்லர். சட்ட மேலவை வழியாகவே அவைக்குள் வந்தார். 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார்.

அவர் மறைந்து ஐந்தாண்டு ஆகுமுன், 1973-இல், அவரது கட்சியின் ஆட்சியிலேயே சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இடையில் ஆட்சிகள் மாறின. மன்றத்தின் இருக்கைகள் காலியாகவே இருந்தன. அவர் எழுத்தராக இருந்த காஞ்சிபுரம் நகராட்சி 2021-இல் மாநகராட்சியாகி, 2022-இல் தன் முதல் மாமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது.