ஊர் எழுதிய பட்டியல்

பருவமழை நெருங்கும்போதெல்லாம் அரசுப் பள்ளிக் கட்டடங்களின் உறுதி குறித்த கவலை எழுகிறது. நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர் என விரியும் திண்டுக்கல் சமவெளியும் இதற்கு விலக்கன்று. எதை இடிப்பது, எதைச் செப்பனிடுவது, எங்கே புதிதாகக் கட்டுவது என்பதை யார் முடிவு செய்வது? இக்கேள்விக்குத் தம் பணியால் விடை தந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912 அக்டோபர் 12-இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். சாதி மறுத்துச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். கல்வித் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1954-இல் பொதுக்கல்வி இயக்குநரானார். காமராஜர் முதலமைச்சரானதும் அதே ஆண்டில்தான்.

சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-இல் மதிய உணவும் வந்தது. பிள்ளைகள் பெருகினர்; கட்டடங்களோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அரசு நிதி மட்டும் போதாது என உணர்ந்த அவர், 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய இம்முயற்சி பிற மாவட்டங்களுக்கும் பரவியது.

அதன் நடைமுறை எளிது. ஆசிரியரும் ஊராரும் கூடிப் பள்ளியின் குறைகளைப் பட்டியலிடுவர். கூரை, சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, குடிநீர், இருக்கை, கரும்பலகை என ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு உண்டு. மாநாட்டில் எவர் எதைத் தருவது என்பது அறிவிக்கப்படும். நிலமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் நன்கொடைகள் குவிந்தன. தாமே எழுதிய பட்டியல் என்பதால், கட்டடத்தைத் தம் உடைமையாகவே ஊரார் கருதினர்.

1961-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார், 1993-இல் மறைந்தார்.

அவருடைய வழிமுறைக்கும் ஓர் எல்லை உண்டு. செல்வமுள்ள ஊர் எளிதில் கொடுக்கும். வறண்ட நிலத்து ஊருக்குத் தேவை மிகுதி, கொடுக்கும் வலிமை குறைவு. ஆகவே பட்டியல் நீண்டும் கொடையாளர் அருகியும் உள்ள ஊருக்கே அரசு நிதி முதலில் சென்றாக வேண்டும்.

தமிழக அரசு 2022-இல் ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பைப் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அளித்துள்ளது. அன்று இயக்கமாக இருந்தது இன்று சட்டமாகியுள்ளது. ஆயினும் குழுவின் தீர்மானம் வெறும் கையெழுத்துச் சடங்காகிவிட்டால், தேவையற்ற இடத்தில் புதுக் கட்டடமும் தேவையுள்ள இடத்தில் ஒழுகும் கூரையும் நிற்கும்.

கட்டுவதற்கு ஒருமுறை நிதி போதும். பேணுவதற்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும். பின்னதை ஒதுக்காத திட்டம் அடுத்த இடிபாட்டுக்கான முன்பணமே. ஊர்க் குழுக்கள் எழுதும் பட்டியலை வெளிப்படையாக வைத்து, அதன் வரிசையிலேயே திண்டுக்கல் மாவட்டப் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்குவதே சுந்தரவடிவேலுவுக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடன்.