எட்கர் காட்

எட்கர் பிராங்க் காட் (ஆகஸ்ட் 19, 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்த கணினி அறிவியலாளர் ஆவார். தொடர்புசால் தரவுத்தளங்களுக்கான கோட்பாட்டை வகுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். 1981 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்.

வாழ்க்கை

காட், டோர்செட்டில் உள்ள போர்ட்லாந்துத் தீவில் பிறந்தார். ஆக்சுபோர்டின் எக்சிட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையில் விமானியாகப் பணியாற்றினார். 1948 இல் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத்தில் கணித நிரலாளராகச் சேர்ந்தார். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் நடவடிக்கைகளை வெறுத்து 1953 இல் கனடாவின் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் ஐக்கிய அமெரிக்கா திரும்பினார். 1965 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தொடர்புசால் மாதிரி

அக்காலத் தரவுத்தளங்களில் பதிவுகள் சுட்டிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு தகவலை எந்த வழியே சென்று எடுப்பது என்பதை நிரலாளரே எழுதவேண்டியிருந்தது. சேமிப்பு முறை மாறினால் நிரலையும் மாற்றவேண்டும். காட் 1970 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் தரவுகளை அட்டவணைகளாகக் கருதும் மாதிரியை முன்வைத்தார். இதன்படி பயனர் எது வேண்டும் என்று மட்டும் கூறுவார். அதை எவ்வாறு எடுப்பது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும்.

ஐஎம்எஸ் என்னும் பழைய வகைத் தரவுத்தளத்தால் வருவாய் ஈட்டிவந்த ஐபிஎம், இக்கருத்தைச் செயற்படுத்தத் தயங்கியது. ஆரக்கிள் 1979 இல் சந்தைக்கு வந்தது; ஐபிஎம்மின் முதல் எஸ்கியூஎல் தயாரிப்பு 1981 இலேயே வெளியானது.

உகப்பாக்கமும் புள்ளிவிவரமும்

வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மென்பொருளுக்கு மாறியதால் வினவல் உகப்பாக்கி தேவையாயிற்று. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பட்ரீசியா செலிங்கர் குழுவினர் இதற்கான முறையை உருவாக்கி 1979 இல் வெளியிட்டனர். அட்டவணையின் வரிசை எண்ணிக்கை போன்ற புள்ளிவிவரங்களைக் கொண்டு ஒவ்வொரு வழியின் செலவும் மதிப்பிடப்படுகிறது.

இப்புள்ளிவிவரங்கள் பழையனவாகிவிட்டால் உகப்பாக்கி தவறான வழியைத் தேர்ந்தெடுக்கக்கூடும். பல இலட்சம் வரிசைகள் சேர்ந்துவிட்ட அட்டவணையைச் சிறியது எனக் கருதினால், விரைவாக இயங்கிவந்த வினவல் திடீரெனத் தாமதமாகும். மதிப்பிட்ட வரிசைகளையும் உண்மையில் கிடைத்த வரிசைகளையும் ஒப்பிட்டு இக்குறையைக் கண்டறியலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில், நீக்கப்பட்ட வரிசைகளின் இடத்தை மீட்டுப் புள்ளிவிவரங்களையும் புதுப்பிக்கும் தானியங்கிப் பராமரிப்பு 2005 இல் மையப் பகுதியுடன் இணைக்கப்பட்டது. 2008 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது.

பிற்காலம்

தொடர்புசால் என்னும் பெயரைப் பொருந்தாத தயாரிப்புகளும் சூட்டிக்கொண்டதால், 1985 இல் காட் 12 விதிகளை வெளியிட்டார். 2003 இல் புளோரிடாவில் தமது 79 ஆவது வயதில் காலமானார். தரவுத்தள ஆய்வுக்கான சிக்மாட் புத்தாக்க விருது 2004 முதல் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.