சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்து ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஆவார். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. ரகீம் சாகிப் என்று மரியாதையுடன் அழைக்கப்பட்டார்.

தொடக்க காலம்

ஐதராபாத்தில் பிறந்த ரகீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். உள்ளூர்க் கழகங்களில் காற்பந்து ஆடினார். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். ஆசிரியருக்குரிய கண்டிப்பும் பொறுமையும் பிற்காலத்தில் இவரது பயிற்சி முறையிலும் காணப்பட்டன. இரு கால்களாலும் ஆடும் திறன் வளர்வதற்காக, பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கும் போட்டிகளை இளைஞர்களுக்கு நடத்தினார்.

ஐதராபாத் காவல்துறை அணி

1950 முதல் இறக்கும்வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

தேசிய அணி

1951 இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் அடித்த கோலால் இந்தியா ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. அப்போது இந்தியர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். இத்தோல்விக்குப் பின்னர் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அணி மீண்டெழுந்தது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்று, ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியாக இந்தியா விளங்கியது. இறுதியில் நான்காம் இடம் பெற்றது.

ஜகார்த்தா 1962

1962 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரகீம் அவரை நடு முன்னணி ஆட்டக்காரராக மாற்றினார். இஸ்ரேலும் தைவானும் அனுமதிக்கப்படாததை இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கில் இந்திய அணிக்கு எதிர்ப்பு மிகுந்திருந்தது. செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், முன்னர் வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா அதே தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்றது.

மறைவு

ஒன்பது மாதங்களுக்குப் பின்னர், தமது 53 ஆவது அகவையில் ரகீம் காலமானார். ஆசிய விளையாட்டுப் போட்டிக் காற்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை. இவரது மகன் சையது சாகித் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். இவரது வாழ்வை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.