சமையல் அறையில் பிறந்த ஹெட்போன்

1910-ம் ஆண்டு.

அமெரிக்கக் கடற்படையின் ரேடியோ பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதிய மை, ஊதா நிறம். எழுதிய தாளோ நீலமும் இளஞ்சிவப்பும். அரசாங்க அலுவலகத்துக்கு இப்படியும் கடிதம் எழுதுவார்களா என்று எவருக்கும் சிரிப்புத்தான் வரும்.

எழுதியவர் பெயர் பால்டுவின். ஊர், சால்ட் லேக் சிட்டி. தலையில் மாட்டிக்கொண்டு கேட்கும் கருவி ஒன்றைச் செய்திருப்பதாகவும், அதைச் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்.

ஹெப்பர்ன் என்ற அதிகாரி அந்தக் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கலாம். போடவில்லை. கருவியைச் சோதித்துப் பார்த்தார். கடற்படையிடம் அப்போது இருந்த எந்தக் கருவியையும் விட அதில் சத்தம் நன்றாகக் கேட்டது!

உடனே ஆர்டர் போனது. ஆனால் பால்டுவினிடமிருந்து வந்த பதில் அதிகாரிகளைத் திகைக்க வைத்தது. ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தம்மால் செய்து தர முடியாது என்றார் அவர். காரணம்? அவருக்குத் தொழிற்சாலை கிடையாது. வீட்டுச் சமையல் அறையில் உட்கார்ந்து, தம் கையாலேயே செய்துகொண்டிருந்தார்.

இன்று கோடிக்கணக்கான பேர் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனின் கதை இப்படித்தான் தொடங்கியது.

பிரசங்கம் கேட்கவில்லை

நதானியல் பால்டுவின், யூட்டா மாநிலத்தில் பில்மோர் என்ற சிற்றூரில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே தமக்கு வேண்டிய சைக்கிளைத் தாமே செய்துகொண்டார். பிறகு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மின்சார என்ஜினீயரிங் படித்துப் பட்டம் பெற்றார். பிரிகாம் யங் கல்வி நிலையத்தில் பௌதிக ஆசிரியர் ஆனார்.

அவர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். ஓர் ஆண் பல பெண்களை மணக்கும் வழக்கத்தை அந்தச் சபை 1890-ம் ஆண்டில் கைவிட்டது. ஆனால் பழைய வழக்கமே சரி என்று பிடிவாதம் பிடித்தவர்களும் இருந்தார்கள். பால்டுவின் அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஆசிரியர் வேலை போயிற்று.

பிறகு, மலையடிவாரத்தில் ஓடும் ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓய்வு நேரம் கிடைத்தது. அந்த ஓய்வு நேரம்தான் அவரை உலகத்துக்குக் கொடுத்தது.

சால்ட் லேக் சிட்டியில் சபையின் பிரசங்க மண்டபம் மிகப் பெரியது. ஆயிரக்கணக்கானவர்கள் உட்காருவார்கள். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. பிரசங்கம் செய்கிறவர் குரல் பால்டுவின் காதில் சரியாக விழவில்லை. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்க ஒரு வழி காண வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

ஒரு மைல் கம்பி

அவர் செய்த கருவி எப்படி வேலை செய்தது?

சாதாரண டெலிபோன் காதுக்கருவியில் ஒரு காந்தமும் ஓர் இரும்புத் தகடும் இருக்கும். காந்தம் தகட்டை எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். தகடு வளைந்து விறைப்பாக நிற்கும். அதை அசைக்கக் கொஞ்சம் பலம் வேண்டும்.

பால்டுவின் வேறு விதமாகச் செய்தார். காந்தத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறிய இரும்புத் துண்டைத் தராசு முள் போல நிறுத்தினார். இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் அது நடுவில் நின்றது. மிகச் சிறிய மின்சாரம் வந்தாலும் போதும், அது அசையும். அந்த அசைவை ஒரு மெல்லிய கம்பி வாங்கி, மைக்கா தகட்டுக்குக் கொடுத்தது. மைக்கா அதிர்ந்தது, சத்தம் வந்தது. இரும்புத் துண்டைச் சுற்றியிருந்த சுருளில், தலைமயிர் போன்ற செம்புக் கம்பி சுமார் ஒரு மைல் நீளம் இருந்ததாம்!

இவ்வளவு கம்பி எதற்கு? அன்றைய கப்பல் ரேடியோவில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர் கிடையாது. வானத்தில் வருகிற அலையில் உள்ள துளி மின்சாரம்தான் காதுக்கருவியை அசைக்க வேண்டும். மின்சாரம் குறைவாக இருந்தால் சுற்றுகளைக் கூட்டித்தான் காந்த பலம் பெற முடியும். கம்பி நீண்டால் மின்தடையும் ஏறும். இந்தத் தடையை ஓம் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். அந்தக் கால ரேடியோ ஹெட்போன்களில் 2,000 ஓம் சாதாரணம்.

இன்று கடைக்குப் போகிறவர்கள்

நல்ல விலை கொடுத்து ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் பால்டுவினின் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். ஹெட்போன் பெட்டியில் ஓம் எண் அச்சிட்டிருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. விலை கூடினால் சத்தமும் கூடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை!

ஜெர்மனியின் பேயர்டைனமிக் கம்பெனி டிடி 880 என்ற ஒரே ஹெட்போனை 32 ஓம், 250 ஓம், 600 ஓம் என்று மூன்று விதமாக விற்றது. 32 ஓம் ஹெட்போன் செல்போனிலேயே பாடும். 600 ஓம் ஹெட்போனைச் செல்போனில் செருகினால் பாட்டு எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல இருக்கும். அதற்கு அதிக வோல்டேஜ் கொடுக்கும் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும். அது வீட்டில் இல்லாவிட்டால் 600 ஓம் வாங்கிப் பயன் இல்லை.

ஓம் எண் மட்டும் போதுமா? போதாது. எத்தனை மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை டெசிபல் எண் காட்டும். ஒரு மில்லிவாட்டுக்கு 103 டெசிபல் தரும் ஹெட்போனை ஒரு மில்லிவாட் அசைக்கும். 93 டெசிபல் தரும் ஹெட்போன் அதே சத்தத்தைத் தரப் பத்து மில்லிவாட் கேட்கும். பத்து எண் வித்தியாசத்துக்குப் பத்து மடங்கு!

ஆம்ப்ளிபயருக்கும் ஓம் கணக்கு உண்டு. அதன் வெளியீட்டுத் தடை, ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். மீறினால் பல ஹெட்போன்களில் தாழ்ந்த சுருதி பருத்துக் குழைந்துபோகும். மிருதங்கமா டிரம்மா என்று சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் உங்கள் காது. பால்டுவினின் கருவி தந்திச் சத்தத்துக்குப் பிறந்தது. கட்டு, கடை என்ற ஒரே சுருதி ஓசை அதில் கணீர் என்று கேட்டது. ஆனால் ஆழ்ந்த தாளமும், கம்பி வாத்தியத்தின் மெல்லிய கூர்மையும் அதில் முழுதாக வரவில்லை. இன்றைய ஹெட்போன்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. பின்புறம் திறந்த ஹெட்போனில் பாட்டும் வீணையும் அறையில் நடப்பது போல விரிந்து கேட்கும். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையும் விழித்துக்கொள்ளும்! மூடிய ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு அதுதான். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை, உங்கள் செல்போனிலேயே போட்டுக் கேளுங்கள்.

தலைப்பட்டை

கடற்படை வீரர்கள் ஒரு குறை சொன்னார்கள். நீண்ட நேரம் மாட்டினால் தலை வலிக்கிறது என்றார்கள்.

பால்டுவின் யோசித்தார். தோல் சுற்றிய இரண்டு கம்பிகளைத் தலைக்கு மேலே வளைத்தார். காதுக்கருவிகளை அந்தக் கம்பிகளில் ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி அமைத்தார். பெரிய தலைக்கும் சின்னத் தலைக்கும் அதுவே போதும்.

கடற்படையார் மகிழ்ந்துபோய், இதற்குப் பேட்டண்ட் உரிமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இது அற்ப விஷயம் என்று பால்டுவின் விட்டுவிட்டார். அந்த அற்ப விஷயத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த அருமையான பொறிக்குக் காட்டிய அக்கறையை, வெளியே இருந்த பட்டைக்கு அவர் காட்டவில்லை. கண்டுபிடிப்பாளர்களுக்கு இது ஒரு வியாதி.

லட்சாதிபதி

1917-ம் ஆண்டு அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் குதித்தது. ஆர்டர்கள் குவிந்தன. சமையல் அறையில் தொடங்கிய தொழில், சால்ட் லேக் சிட்டிக்கு அருகே மில் கிரீக் என்ற இடத்தில் தொழிற்சாலையாக வளர்ந்தது. வேறு ஊருக்கு வரும்படி அழைப்பு வந்தும் அவர் சொந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

யுத்தம் முடிந்தது. 1920-ம் ஆண்டு முதல் ரேடியோ நிலையங்கள் முளைத்தன. வீடுதோறும் ரேடியோ. ரேடியோ கேட்க ஹெட்போன். கம்பெனியின் ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலரைத் தொட்டது. பால்டுவின் ஹெட்போனுக்கு மக்கள் செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள்: பால்டி!

சிறைக் கதவு

பால்டுவின் பணத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தம் கொள்கைக்காரர்களுக்கு வேலை கொடுத்தார். வீடு கொடுத்தார். அவர்கள் கை காட்டிய சுரங்கத்திலும் வேறு தொழில்களிலும் பணத்தைக் கொட்டினார். பணம் போன வழி தெரியவில்லை.

அதே சமயம் ஒலிபெருக்கி வந்துவிட்டது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது, தலையில் மாட்டும் கருவி யாருக்கு வேண்டும்? பால்டுவினும் ஒலிபெருக்கி செய்துதான் பார்த்தார். 1924-ம் ஆண்டில் கம்பெனி நொடித்தது.

துன்பம் அதோடு நிற்கவில்லை. தபால் மூலம் மோசடி செய்ததாக வழக்கு வந்தது. 1930-ம் ஆண்டு கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. மெக்நீல் தீவுச் சிறையில் சுமார் இரண்டு ஆண்டு இருந்தார். கூட இருந்தவர்களை நம்பி ஏமாந்தவர் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் யாருக்கு எதை ஒப்படைக்கிறோம் என்று பார்க்காத பொறுப்பு அவருடையதுதான்.

வெளியே வந்தபோது கையில் காசு இல்லை. பிறர் உதவியில் காலம் ஓட்டினார்.

1958-ம் ஆண்டு, மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், சங்கீதம் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டு வந்தார். ஒலிபெருக்கி ஒதுக்கித் தள்ளிய ஹெட்போனைப் பாட்டுப் பிரியர்கள் மறுபடி தேடி வந்தார்கள். பால்டுவினுக்கு அப்போது 79 வயது. 1961-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி அவர் காலமானார்.

தராசு முள் போல நிற்கும் அவருடைய இரும்புத் துண்டு மட்டும் சாகவில்லை. அரிசி மணியை விடச் சற்றே பெரிதாகச் சுருங்கி, காது கேளாதவர்கள் மாட்டும் கருவிக்குள்ளும், மேடைப் பாடகர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவிக்குள்ளும் இன்றும் அசைந்துகொண்டிருக்கிறது.