சிரிக்க வைத்தவர் எடுத்த சோகப் படம்

தொளதொள கால்சட்டை, சின்ன மீசை, கையில் பிரம்பு. சார்லி சாப்ளினை அறியாதவர் உண்டா?

அவர் 1889-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வறுமை வாட்டியது. 7 வயதில் ஏழைகள் விடுதியில் வளர்ந்தார். பிறகு அமெரிக்கா சென்று, உலகையே சிரிக்க வைத்தார்.

1923-ல் ஒரு சோகப் படம் எடுத்தார். ‘எ வுமன் ஆப் பாரிஸ்’ என்பது அதன் பெயர். பேசாத படம். காதலனைப் பிரிந்து, பணக்காரன் ஆதரவில் வாழும் பெண்ணின் கதை. கதையும் டைரக்ஷனும் சாப்ளினே. ஆனால் அவர் நடித்தது ஒரே ஒரு காட்சி, அதுவும் சுமைகூலியாக!

பத்திரிகைகள் புகழ்ந்தன. சிரிக்க வந்த ரசிகர்களோ ஏமாந்தார்கள். படம் தோற்றது, பெட்டிக்குள் முடங்கியது.

சாப்ளின் அதை மறக்கவில்லை. 1976-ல், 87 வயதில், அதற்குத் தாமே இசை அமைத்து உயிர் கொடுத்தார். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

சாப்ளினைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.