அந்திரசீன் பளிங்கும் கே. எஸ். கிருஷ்ணனும்

நிலவற்ற இரவுகளில் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு வள்ளமேறியோர், துடுப்புப் பட்ட நீர் சில பருவங்களில் நீலமாய் மினுங்கி அணைவதைக் கண்டிருப்பர். அலைப்புண்ட கடல் நுண்ணுயிர்கள் உமிழும் ஒளி அது. அடியுண்டால் ஒளிரும் பளிங்குகளும் உள. அத்தகைய பளிங்குகளினுள் மூலக்கூறுகள் கிடக்கும் நிலையைக் காந்தத்தால் அளந்தறிந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன். நம் தீவுப்பகுதி மாணவர் பலர் அன்னாரை இராமன் விளைவின் அடிக்குறிப்பாக மட்டுமே அறிவர். அது நீதியன்று.

1898 டிசம்பர் 4ஆம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், இராமனை நாடிக் கல்கத்தா சென்றார். 1928இல் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நொபெல் பரிசு ஒருவருக்கே வந்தது. அதுபற்றிய வழக்காடல் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கிருஷ்ணனோ அவ்வழக்கில் நேரத்தைச் செலவிடாது டாக்கா சென்று வேறொரு வேலையைத் தொடங்கிவிட்டார். அவரை அளக்கவேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு.

அவர் கையிலெடுத்தவை நப்தலீன், அந்திரசீன் போன்ற எளிய பொருள்கள். நப்தலீன் வேறொன்றுமன்று; நம் பெட்டகங்களில் சேலைகளுக்கிடையே கிடக்கும் பூச்சியுருண்டைதான். சிறு பளிங்கொன்றை மெல்லிய படிக இழையில் காந்தப்புலத்தினுள் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். காந்தத்தின் பிடியிலுள்ள பளிங்கு எளிதில் திரும்பாது. ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டெனச் சுழன்றுவிடும். அதுவரை முறுக்கிய கோணத்திலிருந்து, பளிங்கின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறதெனக் கணக்கிட்டார். தட்டையான அம்மூலக்கூறுகள் தம் தளத்துக்குச் செங்குத்தான திசையிலேயே காந்தத்தை மிகுதியாக எதிர்ப்பவை. ஆதலால், அவை எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பது அவ்வளவையிலிருந்தே புலனாயிற்று. ஓர் இழையும் ஒரு காந்தமும் கொண்டு இதைச் சாதித்தார்! 1933இல் கல்கத்தா மீண்டபின், இத்தகைய பளிங்குகள் உறிஞ்சும் ஒளியையும் உமிழும் ஒளியையும் ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

1947இல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு பாபாவுடன் அணுசக்தி ஆணைக்குழுவிலும் அமர்ந்தார். அவ்வேளையில் பெர்லினில் கால்மன் என்பார், நப்தலீனில் கதிர்கள் எழுப்பும் மின்னல்களை மின்கருவியால் எண்ணிக்காட்டினார். விரைவில் அந்திரசீன் அதனினும் மேலானதெனத் தெரிந்தது. இக்கண்டுபிடிப்பு கிருஷ்ணனுடையதன்று, ஆயின் அப்பளிங்குகளை முன்னரே உள்ளும் புறமும் ஆராய்ந்து வைத்தவர்களுள் அவர் முதல்வரிசையினர்.

தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அப்பெரியார் 1961 ஜூன் 14ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

அந்திரசீன் எளிதில் உடையும். பெருந்தகடாக வளர்ப்பதும் கடினம். அதனால் 1950 முதல், ஒளிரும் பொருளைச் சிறிதளவு கரைத்த பிளாஸ்டிக் அதன் இடத்துக்கு வந்தது. மருத்துவத்துக்கு இது பெருந்துணை. பீற்றாக் கதிரென்பது விரைந்தோடும் இலத்திரன். உடற்றசையில் சில மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். எனவே கதிர்மருந்து ஏறிய கட்டியின் எச்சம் எங்கேயெனத் தேடும் சத்திரவைத்தியர், கருவியைத் தசையருகே கொண்டுசெல்லவேண்டும். தொலைவிலிருந்து ஊடுருவிவரும் காமாக் கதிர் மெல்லிய பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் தீண்டாது கடக்கும். பீற்றாவோ அதில் மின்னலெழுப்பும். மின்னல் எழுந்த இடங்களைக் குறித்துச் சேர்த்தால் படம் உருவாகும். பாரமற்ற அணுக்களாலான பொருளாதலால் இலத்திரன்கள் அதிலிருந்து தெறித்து மீள்வதும் குறைவு.

இத்தகைய பிளாஸ்டிக்கின் ஒளித்திறனை, அந்திரசீன் பளிங்கின் ஒளியில் இத்தனை வீதமென்றே இன்றும் குறிக்கின்றனர். பரவலாகப் பயன்படுவன பல 50 முதல் 65 வீதத்தில் நிற்கின்றன.